மதுரை ரோட்டில் ஸ்போர்ட்ஸ் கார், இடுப்பு பிழைக்க என்ன வழி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டு வருடமாக நாகமலை புதுக்கோட்டையில் இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்து ஓட்டுகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. முதல் வாரமே காளவாசல் வழியாகப் பெரியார் பஸ் நிலையம் போய்த் திரும்பியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெரு, முல்லைப் பெரியாறு குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி மூடிய தெரு, அதற்கு மேல் ஒட்டுப்போட்ட தெரு என்று ஒன்றையும் விடாமல் பார்த்துவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக வேலை பார்த்து, இப்போது அம்மாவே முணுமுணுக்காமல் ஏறுகிற அளவுக்குக் கார் வந்திருக்கிறது.

நான் மெக்கானிக் இல்லை. கையைச் சுட்டுக்கொண்டு கற்றவன். டீக்கடையிலும் டயர் கடையிலும் கல்யாண மண்டப வாசலிலும் ஆட்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதியிருக்கிறேன்.

"ஸ்போர்ட்ஸ் கார்னா அப்படித்தாண்ணே இருக்கும். அதுல போய் சொகுசு எதிர்பார்க்கலாமா?"

ஓரளவு எதிர்பார்க்கலாம். வளைவில் சாயாமல் நிற்கத்தான் ஸ்பிரிங்கை விறைப்பாக வைக்கிறார்கள். அந்த விறைப்பை முழுக்க எடுத்துவிட முடியாது, எடுத்தால் அந்தக் காரை வாங்கியதற்கே அர்த்தம் இல்லை. ஆனால் என்னிடம் வந்து புலம்புகிறவர்களில் பெரும்பாலானோருக்கு வலிப்பது அந்த விறைப்பு இல்லை.

தொந்தரவு இரண்டு வகை. முதலாவது, சின்ன விளிம்பில் ஏறினாலும் 'நறுக்'கென்று முதுகில் இறங்கும் அடி. இரண்டாவது, மேடு பள்ளத்தில் உடம்பு மொத்தமாகத் தூக்கிப் போடப்படுவதும், தலை பக்கவாட்டில் ஆடுவதும். முதல் வகைக்குக் காரணம் அனேகமாக டயரும் ரப்பர் பாகங்களும். இரண்டாவது வகை, ஸ்பிரிங், அதன் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர் (ஷாக்), இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி ஆகியவற்றின் வேலை. நத்தம் ரோட்டு மேம்பாலம் 7.3 கிலோமீட்டர் நீளம். அதன் இணைப்புகளில் 50 வேகத்தில் போகும்போது ஒவ்வொன்றுக்கும் கூர்மையாகத் 'தட்' என்று இறங்கினால் உங்கள் பிரச்சினை முதல் வகை. ஷாக் விலை விசாரிக்காதீர்கள், அடுத்த நாலைந்து பதிலைப் படியுங்கள்.

"காத்தைக் கொறைச்சாலே மெத்துன்னு ஆயிடுமாமே? எம்புட்டு கொறைக்கலாம்?"

குறைப்பதற்கு முன்னால், இப்போது கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணிலோ, சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கமோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் ஓர் அளவு, வண்டி நிறைந்திருந்தால் ஓர் அளவு என்று இரண்டு எண்கள் போட்டிருக்கும். என் காருக்கு 34 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அளவு). வாங்கும்போது நான்கிலும் 40 இருந்தது. "ஸ்போர்ட்ஸ் வண்டிக்குக் கூடத்தான் சார் வைக்கணும்" என்று எவரோ நல்ல மனதோடு அடித்துவிட்டிருக்கிறார். அதை 34க்கு இறக்கியதே பாதி வைத்தியம்.

அளப்பது காலையில், வண்டியை எடுப்பதற்கு முன். வெப்பம் 5, 6 டிகிரி ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ ஏறும். சித்திரை வெயிலில் திருமங்கலம் வரை ஓட்டிவிட்டு அளந்தால் 4, 5 கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் டயர் குறைவாக நிற்கும். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள், பெரிய செலவு இல்லை.

ஸ்டிக்கருக்குக் கீழே 1 அல்லது 2க்கு மேல் நான் போக மாட்டேன். மெல்லிய டயரில் காற்று மெத்தையே கொஞ்சம்தான். அதையும் குறைத்தால் குழியின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கும், ரிம்மும் கோணும். நான்கு வழிச் சாலையில் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கவும் வாய்ப்பு உண்டு.

"நைட்ரஜன் அடிச்சா சாஃப்டா இருக்கும்னு கடையில சொன்னாங்க?"

நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். 34 என்றால் எதை அடித்தாலும் 34 தான். அழுத்தம் கொஞ்சம் மெதுவாகக் குறையும், அம்புட்டுத்தான்.

"டயர்ல 225/40 ஆர்18னு போட்டிருக்கு. சக்கரத்தைச் சின்னதாக்குனா நல்லா இருக்கும்ங்கிறாங்க, அது என்ன கணக்கு?"

225 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 40 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 225இல் 40 சதவீதம் 90 மில்லிமீட்டர். 18 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ரோட்டுக்கும் உங்கள் ரிம்முக்கும் நடுவில் இருக்கும் ரப்பரும் காற்றும் சேர்ந்து அந்த 90 மில்லிமீட்டர்தான். நான்கு விரலைச் சேர்த்து வைத்தால் கிட்டத்தட்ட அவ்வளவு வரும்.

இதையே 225/45 ஆர்17 ஆக்கினால் பக்கச் சுவர் 101 மில்லிமீட்டர். 205/55 ஆர்16 என்றால் 113. ஆனால் சக்கரத்தின் மொத்த விட்டம் பெரிதாக மாறாது. 18க்கு 637, 17க்கு 634, 16க்கு 632 மில்லிமீட்டர். ஒரு சதவீதம்கூட வித்தியாசம் இல்லை. அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, காரின் உயரமும் இறங்காது. கூடுதலாகக் கிடைப்பது மெத்தை மட்டும். சின்ன ரிம் பொதுவாக எடையும் குறைவு. குழியில் விழுந்து எழும் சக்கரம் எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவு குறைவாகத்தான் அது உங்களை உலுக்கும். ஷாக்குக்கும் அதைப் பிடித்து நிறுத்துவது சுலபம்.

நான் 18இலிருந்து 17க்கு இறங்கினேன். செய்த வேலைகளிலேயே அதிக வித்தியாசம் தந்தது இதுதான். 16க்கும் போகலாம் என்று ஆசைப்பட்டேன், முன் பிரேக்கைப் பிடிக்கும் காலிப்பர் ரிம்மில் இடித்தது. உங்கள் காரின் அடிப்படை மாடலுக்குக் கம்பெனியே என்ன அளவு கொடுத்தது என்று கையேட்டில் பாருங்கள், அதற்குக் கீழே போக வேண்டாம். டயரின் எடை தாங்கும் எண்ணும் வேக எழுத்தும் பழையதைவிடக் குறையக் கூடாது.

"ஆனா பெரிய அலாய் போட்டாத்தானே கெத்து?"

கெத்துதான். கல்யாணத்துக்குப் போகும்போது மாட்டிக்கொள்ளுங்கள். பழைய 18 அங்குல செட்டை நான் விற்கவில்லை, மாடியில் போர்வை போர்த்தித் தூங்குகிறது.

"எங்க கார்ல ஸ்டெப்னியே இல்லைங்க, ரன்ஃபிளாட் டயர்னு சொன்னாங்க. அதனாலயா இப்படி அடிக்குது?"

அதுவும் ஒரு காரணம். பஞ்சரானாலும் சுமார் 80 வேகத்தில் 80 கிலோமீட்டர் ஓடுவதற்காக அந்த டயரின் பக்கச் சுவரைத் தடித்த ரப்பரால் கட்டுகிறார்கள். காற்று இல்லாமலே காரைத் தாங்குகிற சுவர், காற்று இருக்கும்போது வளைந்து கொடுக்குமா? அதே அளவில் சாதாரண டயருக்கு மாறினால் கூர்மையான அடி நன்றாகவே தணியும்.

ஆனால் பஞ்சர் பாதுகாப்பு போய்விடும். டிக்கியில் இடம் இருந்தால் ஸ்டெப்னி, இல்லையென்றால் சின்ன காற்று பம்பும் பஞ்சர் கிட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டிப்பட்டிக் கணவாயில் ராத்திரி பதினோரு மணிக்கு மாட்டினால் பஞ்சர் கடை தேட முடியாது.

"டயர்ல பட்டன் நல்லா இருக்கு, கொஞ்சமாத்தான் ஓடியிருக்கு. அதை எதுக்கு மாத்தணும்?"

பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர்க் கட்டை, தேயாவிட்டாலும் ரப்பர் கிடந்தும் கெடும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. மதுரை வெயிலில் வெட்டவெளியில் நின்ற ஆறேழு வருட டயரை நகத்தால் அழுத்திப் பாருங்கள், கட்டை மாதிரி இருக்கும். ஸ்போர்ட்ஸ் காரை வாரம் ஒருமுறை எடுப்பவர்களுக்குத்தான் இந்தப் பிரச்சினை அதிகம்.

"வாங்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு. 60,000 ஓடுனதுக்கு அப்புறம் 'கடகட'ன்னு சத்தம், அடியும் ஜாஸ்தி. நாலு ஷாக்கும் மாத்தணும்ங்கிறாரு மெக்கானிக்."

ஒருவேளை தேவைப்படலாம். ஆனால் முதலில் சக்கரத்தைத் தாங்கும் மூட்டுகளில் உள்ள ரப்பர்களைப் பாருங்கள். எனக்கும் ஓர் ஒர்க்‌ஷாப்பில் இதையே சொன்னார்கள், பெயர் வேண்டாம். நான்கு ஷாக்குக்கு எஸ்டிமேட் கையில் கொடுத்தார்கள். மனது கேட்காமல் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோனேன். வண்டியை ஏற்றி, கடப்பாரைக் கம்பியால் ஒவ்வொரு மூட்டாக நெம்பிப் பார்த்தார். முன்பக்க ஷாக்கின் தலையை வண்டியோடு பிடிக்கும் ரப்பர் (ஸ்ட்ரட் மவுன்ட்) நைந்திருந்தது, ஸ்டெபிலைசர் கம்பியை இணைக்கும் லிங்க் ராடு ஆடியது, சக்கரத்தைக் கீழே பிடிக்கும் லோயர் ஆர்மின் மூட்டு ரப்பர் (புஷ்) வெடித்திருந்தது. ஷாக் நன்றாகவே இருந்தது. எஸ்டிமேட்டில் கால்வாசிகூட ஆகவில்லை.

ஷாக் போய்விட்டதற்கு அடையாளம் வேறு. அதன் உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருக்கும், டயர் அலை அலையாகத் தேயும், மேட்டில் இறங்கிய பிறகும் கார் இரண்டு மூன்று முறை ஆடும். காரின் மூக்கைக் கையால் அழுத்தி விட்டுப் பார்க்கும் பழைய சோதனையை மட்டும் நம்பாதீர்கள். விறைப்பான ஸ்பிரிங் உள்ள காரில் அது எதையும் காட்டிக்கொடுக்காது.

இன்னொன்று, இதைப் பல கடைகளில் கவனிப்பதில்லை. புது புஷ் போட்ட பிறகு அதன் போல்ட்டைச் சக்கரம் தரையில் நிற்கும் நிலையில்தான் கடைசியாக முறுக்க வேண்டும். வண்டி தொங்கும்போதே முறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். அடி கூடும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். பக்கத்தில் நின்று சொல்லுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

"ரப்பருக்குப் பதிலா பாலியூரித்தேன் புஷ் போட்டா ஆயுசுக்கும் வருமாமே?"

வரும். ஆனால் ரப்பரைவிட விறைப்பானது. ரோட்டின் ஒவ்வொரு கல்லையும் ஸ்டியரிங்கில் எண்ணலாம். பந்தய மைதானத்துக்குச் சரி. நமக்குக் கம்பெனி ரப்பரே போதும்.

"சரி, ரப்பர் எல்லாம் மாத்தியாச்சு. இப்ப ஸ்பிரிங்கை மாத்துறதா, ஷாக்கை மாத்துறதா?"

இரண்டும் வேறு வேறு வேலை. ஸ்பிரிங் காரின் எடையைத் தாங்குகிறது, மேட்டை விழுங்குகிறது, விழுங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறது. திருப்பிக் கொடுக்கும் ஆட்டத்தை அடக்குவது ஷாக். ஷாக் இல்லாத கார் திருவிழா ராட்டினம் மாதிரி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

சாதாரணக் குடும்பக் கார் வினாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை ஆடும்படி ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். நடக்கும்போது நம் உடம்பு ஏறி இறங்கும் வேகமும் கிட்டத்தட்ட இதுதான், அதனால் உறுத்தாது. ஸ்போர்ட்ஸ் காரில் இது கூடும். ஸ்பிரிங்கின் விறைப்பை இரண்டு மடங்காக்கினால் ஆட்டத்தின் வேகம் 1.4 மடங்கு ஆகும். முன் ஸ்பிரிங்கைவிடப் பின் ஸ்பிரிங்கைச் சற்று வேகமாக ஆடும்படி வைத்தால், மேட்டைத் தாண்டிய பிறகு கார் முன்னும் பின்னும் ஊஞ்சலாடாமல் சீக்கிரம் சமநிலைக்கு வரும். இதை 1930களிலேயே அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் ஆராய்ந்து சொல்லிவிட்டார். ஆகவே முன்பக்கம் மட்டும் ஸ்பிரிங் மாற்றுவது, யாரோ விற்ற செட்டைப் பின்னால் மட்டும் போடுவது எல்லாம் வம்பு.

என் அபிப்பிராயம் இது: ஸ்பிரிங் கம்பெனியுடையதாக இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். ஷாக் தேய்ந்திருந்தால் நல்ல தரமான ஷாக் ஜோடியாக மாற்றுங்கள். நல்ல ஷாக் மெதுவான அசைவை இறுக்கிப் பிடிக்கும், குழியில் சக்கரம் திடீரென்று அடிபடும்போது விட்டுக்கொடுக்கும். மலிவான ஷாக்குக்கு இந்த இரண்டில் ஏதாவது ஒன்றுதான் தெரியும்.

"நான் ஏற்கெனவே லோயரிங் ஸ்பிரிங் போட்டு இறக்கிட்டேன். குதிரை மாதிரி குதிக்குது. சாஃப்ட் ஷாக் போட்டா சரியாகுமா?"

ஆகாது, மோசமாகலாம். ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் தடுப்பு இருக்கும், பம்ப் ஸ்டாப் என்பார்கள். கார் முழுக்க அமுங்கும்போது கடைசியாகத் தாங்குவது அது. காரின் உயரத்தை 4 சென்டிமீட்டர் இறக்கினால், ஸ்பிரிங் அமுங்குவதற்கு இருந்த இடத்தில் 4 சென்டிமீட்டர் போய்விட்டது. சின்னப் பள்ளத்துக்கே கார் அந்த ரப்பரில் போய் உட்காரும். நீங்கள் குதிரை என்று சொல்வது ரப்பர் கட்டையில் இடிப்பதைத்தான். ஷாக்கை இளக்கினால் இன்னும் அடிக்கடி இடிக்கும்.

ஸ்பிரிங்கை வெட்டி இறக்கியவர்களுக்கு ஒரே பதில்தான்: உடனே மாற்றுங்கள். வெட்டிய ஸ்பிரிங் நீளம் குறைந்து, விறைப்பு கூடி, தான் உட்காரும் தட்டில் சரியாகப் பொருந்தாமல், சக்கரம் தொங்கும்போது இடம் மாறிவிடும். என் நண்பன் ஒருவன் இதைச் செய்துவிட்டுக் கொடைக்கானல் ஏறினான். பெருமாள்மலைக்கு முன்பே திரும்பி வந்தான்.

"அட்ஜஸ்டபிள் காயில்ஓவர் போட்டிருக்கேன், 30 கிளிக் இருக்கு. ரொம்ப சாஃப்டா வச்சா சொகுசா இருக்கும்தானே?"

இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். காயில்ஓவர் என்பது ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த செட். ஷாக்கின் பிடிப்பைக் கூட்டிக் குறைக்க அதில் ஒரு திருகு உண்டு, அதன் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக். பெரும்பாலான செட்டுகளில் அந்தத் திருகு, ஸ்பிரிங் விரியும்போது தரும் பிடிப்பைத்தான் அதிகம் மாற்றும். அதை மிகவும் இளக்கினால் கார் மிதக்கும், தலை சுற்றும். மிகவும் இறுக்கினால் இன்னொரு வம்பு. முதல் குழியில் அமுங்கிய ஸ்பிரிங் முழுதாக விரிவதற்குள் இரண்டாவது குழி வந்துவிடும், அப்புறம் மூன்றாவது. கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, முன் பதிலில் சொன்ன பம்ப் ஸ்டாப்பில் போய் நிற்கும். ஒட்டுப்போட்ட தெருவில் வரவர அடி கூடிக்கொண்டே போனால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மருந்து, திருகை இளக்குவது.

நடுவில் வைத்து ஆரம்பியுங்கள். தெரிந்த ஒரே பாதையில், ஒரே வேகத்தில், இரண்டிரண்டு கிளிக்காக மாற்றி ஓட்டிப் பாருங்கள், எழுதி வையுங்கள். முன்னும் பின்னும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். என் சோதனைப் பாதை நாகமலையிலிருந்து செக்கானூரணி வரை. இந்தச் செட்டில் சில, உயரத்தைக் குறைக்காமலே மாட்டக்கூடியவை. முடிந்தால் கம்பெனி உயரத்திலேயே வையுங்கள்.

"ஸ்பிரிங் நடுவுல மாட்டுற ரப்பர் பஃபர் ஆன்லைன்ல கிடைக்குது. 'சொகுசு கூடும்'னு போட்டிருக்கே?"

ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுக்கு நடுவில் ரப்பரை அடைத்தால் அந்தச் சுற்று வேலை செய்யாது. வேலை செய்யும் சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும். தொங்கிப்போன பழைய கார் சற்றுத் தூக்கி நிற்கலாம், வண்டியின் அடிப்பாகம் தரையில் தட்டுவது குறையலாம். சொகுசு கூடாது. ஸ்போர்ட்ஸ் காருக்கு இது காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துவது மாதிரி.

"தம்பி, எனக்கு வயசு அறுபத்தஞ்சு. மகன் கார்ல ஏறுனா இடுப்பு விட்டுப்போகுது. சீட்டுக்கு ஏதாவது செய்யலாமா?"

செய்யலாம் ஐயா. மனித உடம்புக்கு மேலும் கீழுமான அதிர்வில் அதிகம் உறுத்துவது வினாடிக்கு 4 முதல் 8 முறை வரையிலானது. நல்ல இருக்கையின் நுரை இதை ஓரளவு வடிகட்டும். பத்து வருட நுரை தகடாகிவிடும். குஷன் கடையில் அதே தடிமனில் நல்ல அடர்த்தியான நுரை போட்டுத் தைத்துத் தருவார்கள். மேலே இலவம்பஞ்சுத் திண்டு வைத்தால் உயரம் கூடித் தலை கூரையில் இடிக்கும், பெல்ட்டும் வயிற்றில் ஏறும். அப்புறம், மகனைச் சீட்டைச் சற்று நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். படுத்த மாதிரி உட்கார்ந்தால் அடி முழுக்க கீழ்முதுகுக்குத்தான்.

"ஸ்பீடு பிரேக்கர்ல அடி தட்டுது. குறுக்கா ஏத்தி இறக்குறது சரியா?"

சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (ஐஆர்சி) என்ற அமைப்பின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. 25 வேகத்தில் தாண்டலாம். ஊருக்குள் நாம் பார்ப்பது அது இல்லை, இரண்டடி அகலத்தில் குத்தி நிற்கும் வரப்பு. அதில் சாய்வாக ஏறினால் ஒவ்வொரு சக்கரமாக ஏறும், காரின் வயிறு தட்டுவது குறையும். பதிலுக்கு உடம்பு இடமும் வலமும் ஆடும். எதிரே பஸ் வரும்போது இதைச் செய்யாதீர்கள்.

முக்கியம், ஏறும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தால் மூக்கு ஏற்கெனவே அமுங்கி நிற்கும், முன் ஸ்பிரிங்கில் மிச்சம் இருக்காது. வேகத்தை முன்பே குறைத்து, ஏறுவதற்கு ஒரு நொடி முன்னால் காலை எடுங்கள். செலவே இல்லாத வைத்தியம்.

"இதெல்லாம் மாத்துனா ஆர்டிஓ, இன்சூரன்ஸ் தகராறு வராதா?"

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொன்னது. தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே மாதிரி பாகம் போடுவது மாற்றம் இல்லை. உங்கள் மாடலுக்குக் கம்பெனியே குறித்த டயர் அளவுக்குள் நிற்பது பத்திரம், நாலாவது கேள்வியில் கையேட்டைப் பார்க்கச் சொன்னதற்கு இதுவும் காரணம். வேறு எது மாட்டினாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

"நீங்க சொன்ன எல்லாம் பண்ணிட்டேண்ணே. ஊருக்குள்ள அருமை. கப்பலூர் தாண்டி நூறுல போனா படகு மாதிரி ஆடுது."

எப்படி ஆடுகிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். மேலும் கீழும் மிதந்தால் ஷாக்கின் பிடிப்பு போதவில்லை. திருகு உள்ள செட் என்றால் இரண்டு கிளிக் இறுக்குங்கள், பழைய ஷாக் என்றால் அதற்கு வயதாகிவிட்டது. இடமும் வலமும் அலைந்தால் காற்றை அளவுக்கு மீறிக் குறைத்திருக்கிறீர்கள், அல்லது புஷ் மாற்றிய பிறகு வீல் அலைன்மெண்ட் பார்க்கவில்லை. இதில் அலைன்மெண்ட் பார்க்காததைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். சக்கரத்தைச் சின்னதாக்கியவர்களுக்கு முதல் சில நாள் ஸ்டியரிங் கொஞ்சம் தாமதமாகப் பதில் சொல்வது போலத் தோன்றும். அது உயரமான பக்கச் சுவரின் குணம், கோளாறு இல்லை.

"குழியில விழுந்து டயர் பக்கத்துல கொப்புளம் மாதிரி எழுந்திருக்கு. ஆனா காத்து இறங்கலை. மேலூர் வரைக்கும் மட்டும் போயிட்டு வந்துரட்டா?"

வேண்டாம். உள்ளே இருக்கும் நூல் அறுந்துவிட்டது, இப்போது காற்றைப் பிடித்து நிற்பது மேல் ரப்பர் மட்டும்தான். ஒட்டுப்போட முடியாது. ஸ்டெப்னியை மாட்டுங்கள். அது ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் 80ஐத் தாண்டாமல் நேராக டயர் கடைக்கு. மேலூருக்கு பஸ்ஸில் போங்கள், மாட்டுத்தாவணியிலிருந்து நிறைய இருக்கிறது.